முப்பது கிக்குபோடோ

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான், அத்தான், அம்மா மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ, "நல்லா இருக்கேன்க்கா, வேலையா இருக்கேன்க்கா" என்று இரண்டே வாக்கியத்தில் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் ஒரு பக்கமாவது நிரப்பியாக வேண்டும்.

விஷயம் இதுதான். என் ஸ்கூட்டர் ரிப்பேர் கடைக்கு ஒரு தரகர் வந்தார். ஜப்பானிலிருந்து பழைய ஸ்கூட்டர்களைக் கப்பலில் வரவழைத்துத் தருகிறவர். ஒரு பட்டியலை நீட்டி, "வேணுங்கிறதுக்கு நேரா டிக் போடுங்கம்மா" என்றார். பார்த்தால் எல்லாம் ஜப்பான் எழுத்து. படமும் இல்லை.

"எது என்ன வண்டின்னு சொல்லுங்க, போடறேன்."

"எனக்கென்னம்மா தெரியும்? நான் வெறும் தரகன்தானே!"

அத்தான் சீட்டு உறை தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஜப்பான் படிச்சவனை வீட்டுல வெச்சுக்கிட்டு ஊரையெல்லாம் ஏன் கேக்குற?"

அதனால் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வரிகளுக்கு எண் போட்டிருக்கிறேன். எது எந்த மாதிரி ஸ்கூட்டர் என்று எழுது. கடையில் வைத்து விற்கத்தான், எனக்குப் பளபளப்பு வேண்டாம். காலால் உதைத்தால் கிளம்ப வேண்டும். முன்னால் காலும் பையும் வைக்கத் தட்டு இருக்க வேண்டும். இந்தக் கடையில் கடைசி இரண்டு வருஷம் உழைத்ததையெல்லாம் இதில் போடப் போகிறேன். பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
அன்பு அக்கா


ஜனவரி 21

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மிக்க நலம். அங்கும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவைப் படியேற வேண்டாம் என்று சொல்லவும்.

உன் பட்டியலைப் பார்த்தேன். முதலில் ஒரு பொதுப்பாடம். ஜப்பானியர்களுக்கும் நம்மைப் போலவே ஒரு சொல்லை வெடுக்கென்று முடிக்கத் தெரியாது. நாம் பஸ்ஸு, காரு, பில்லு என்கிறோம் அல்லவா? அவர்களும் அப்படித்தான். ஸ்கூட்டர் அங்கே 'சுகூட்டா'.

இரண்டாம் வரி, 'கென்த்சுகி'. 'கெட்டிக்காரன்' என்கிறோமே, அந்தக் கெ. இஞ்சின் ஒட்டவைத்த சைக்கிள் என்று நீளமாக ஒரு சட்டப் பெயர் இருக்கிறது. அதைச் சுருக்கினது இது. சின்ன இஞ்சின், சின்ன வண்டி. பையன்கள் அதையே 'கென்ச்சாரி' என்பார்கள். 'சாரி' என்றால் பேச்சுவழக்கில் சைக்கிள். மணிச் சத்தத்திலிருந்து வந்த சொல்லாம். நான்காம் வரி, அதே கென்த்சுகியில் இரண்டாம் வகை. இஞ்சின் கொஞ்சம் பெரிசு. ஏழாம் வரி 'பிக்கு சுகூட்டா'. பிக் என்பதற்குத்தான் ஒரு உகரம் ஒட்டியிருக்கிறது. சோபாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். நம் தெருவில் திருப்பவே முடியாது, வேண்டாம்.

இனி ஒன்பதாம் வரி. அக்கா, உனக்கென்றே செய்தது இது! 'கிக்குபோடோ'. கிக்கு என்றால் உதைப்பது. போடோ என்றால் பலகை, அதாவது கால் வைக்கிற தட்டு. உதைத்துக் கிளப்புகிற, முன்னால் தட்டு உள்ள ஸ்கூட்டர். நீ கேட்டது அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு டிக் போடு.

எனக்கு வேலை அதிகம். இந்தக் கம்பெனியில் என்னை விட்டால் ஆள் இல்லை என்கிற நிலை.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 4

ஜப்பான் துரைக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லாரும் சுகம். உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு நான்காம் தடவையும் படிக்க வைத்தாள். "எம்மவன் மொழிபெயர்ப்பாளன், சும்மாவா?" என்று ஒரே பெருமை.

ஒன்பதாம் வரிக்கு டிக் போட்டுவிட்டேன். முப்பது வண்டி! விலையும் மற்றதைவிடக் கம்மி. 'kg' என்று ஆங்கிலத்தில் போட்ட எடைக் கட்டத்தில் மூன்று என்று இருந்தது. தரகரிடம் கேட்டதற்கு, "அச்சுல ஒரு சைபர் விட்டுப் போயிருக்கும்மா" என்றார். முப்பது கிலோவில் ஸ்கூட்டர் ஏது, முன்னால் ஒரு ஒன்றும் விட்டுப் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்பக்கக் கொட்டகையைக் காலி செய்தாகிவிட்டது. பழைய சைலன்சர், உடைந்த பிரேக் டிரம் எல்லாம் போய்விட்டன. பேச்சு பரவியதும் ஆட்கள் வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பால்காரர் இரண்டு சொல்லியிருக்கிறார். வீடுவீடாகப் போகிற பாட்டு டீச்சர், "சத்தம் சுருதி சேராட்டாலும் பரவாயில்லை, நிக்காம ஓடினா போதும்" என்கிறார்.

ஒரு சந்தேகம். உன் கடிதத்தின் ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு ஊறியிருந்ததே, ஆபீஸ் கூரை ஒழுகுகிறதா?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

நலம். அங்கு நலமா?

ஒன்பதாம் வரிக்கு டிக் போட்டதாக எழுதியிருந்தாய். பணம் கட்டவில்லை என்றால் ஒரு வாரம் பொறு. கட்டியிருந்தாலும் தரகரைப் பிடித்து நிறுத்தச் சொல். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. சும்மாதான் சொல்கிறேன்.

கூரை ஒழுகவில்லை.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

நாங்கள் சுகம்.

நீ நிறுத்தச் சொன்ன கடிதம் என் கைக்கு வந்தபோது கப்பல் ஏற்றியாகிவிட்டது. வண்டிகள் நேற்று வந்து சேர்ந்தன. முப்பது ஸ்கூட்டர் இறக்க வேண்டுமே என்று நான்கு பேரையும் ஒரு சாய்வுப் பலகையையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். வந்து நின்றது ஒரு குட்டி வேன். ஓட்டுநர் ஒருவரே பெட்டிகளைத் தோளில் தூக்கிவந்து அடுக்கிவிட்டு, "அவ்ளோதாங்க" என்றார்.

பிரித்தேன். ஒரு நீளப் பலகை. முன்னால் ஒரு சின்னச் சக்கரம், பின்னால் ஒரு சின்னச் சக்கரம். பலகையின் நுனியில் ஒரு கம்பி, கம்பியின் தலையில் கைப்பிடி. இஞ்சினைத் தேடினேன். பெட்டியைக் கவிழ்த்து உதறிக்கூடப் பார்த்தேன். ஒரு காலைப் பலகையில் வைத்துக்கொண்டு மறுகாலால் தரையை உதைத்து உதைத்துப் போக வேண்டுமாம். கிக்கு சரி. போடோவும் சரி. எடை மூன்று கிலோ. அச்சில் பிழையே இல்லை.

பாட்டு டீச்சர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுல நான் ஏறினா, பாட்டு வீட்டுக்குப் போக மாட்டேன், ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்று காலையிலிருந்து பெயர் கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். இதுவரை ஏழு பேர், வேறு கடை பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கிக்குபோடோ, கிக்குபோடோ என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குப் 'போடா' என்றுதான் கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. எனக்கு ஊசியில் நூல் கோக்கத்தான் வரும், எழுத வராது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் நீ இல்லை என்கிறார்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்பியதும் உன் அக்கா கையிலிருக்கிற ஸ்பானரைக் கீழே வைத்துவிடுகிறாள். அவர் கடையைத் தாண்டிப் போனதும் மறுபடி எடுக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

நேற்று கேட்டேவிட்டேன். "வண்டி போச்சேன்னு கோவமா?"

"வண்டி கிடக்கு. அவன் ஏன் பேச மாட்டேங்கிறான்?" என்றாள்.

ஆகவே மச்சான், எதையாவது எழுது. வெறும் 'நலம்' என்றாவது எழுது. நான் அந்தப் பலகை வண்டி ஒன்றை ஓட்டிப் பழகிவிட்டேன். முட்டி சிராய்ந்தது, ஆறிவிட்டது.

இப்படிக்கு,
அத்தான்


மே 6

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சுகமா?

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை தொடங்கிக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன் இல்லை. ஜப்பானிய வகுப்புக்கு நான் போனது மொத்தம் மூன்று மாதம். அவர்களுக்கு மூன்று வகை எழுத்து. முதலாவது வந்தது. இரண்டாவதும் தட்டுத்தடுமாறி வந்தது. மூன்றாவது வகை, புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி ஆயிரக்கணக்கில் வந்தது. நான் ஓடிவிட்டேன்.

இந்தக் கம்பெனி வகுப்பிலிருந்து ஆள் எடுத்தபோது பாசானவர்களை மேலே ஆபீசுக்கு எடுத்தார்கள். என்னைக் கீழே கொட்டகைக்கு எடுத்தார்கள். கப்பலில் வருகிற பழைய வண்டிகளை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாய்த் தண்ணீரில் கழுவுகிறேன். பேட்டரியைக் கழற்றுகிறேன், மிச்ச பெட்ரோலை வடிக்கிறேன். கடிதத்தில் நீ பார்த்த ஈரம் அதுதான். 'கம்பெனியில் சேர்ந்துவிட்டேன்' என்று மட்டும்தான் வீட்டுக்கு எழுதினேன். மொழிபெயர்ப்பாளன் என்று அம்மாதான் ஊருக்குச் சொன்னாள். நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது நாளாக ஆக என் பொய்யாகவே ஆகிவிட்டது.

கென்த்சுகி, பிக்கு சுகூட்டா எல்லாம் எனக்குச் சரியாகத் தெரியும். அந்த அட்டைகள் தொங்கும் வண்டிகளைத்தான் தினமும் தேய்க்கிறேன். கிக்குபோடோவை மட்டும் கண்ணால் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன், அர்த்தத்தை நானே செய்துகொண்டேன். 'தெரியாது' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். அதை எழுதக் கை வரவில்லை. பிப்ரவரியில் வேறொருவருக்கு வந்த பெட்டியில் அதே எழுத்தைப் பார்த்தேன். பிரித்தால் உள்ளே இஞ்சினே இல்லை. அன்றைக்குத்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அதிலும் உண்மையைச் சொல்லவில்லை.

திட்ட வேண்டியதையெல்லாம் திட்டு. ஆனால் எழுதித் திட்டு. போனில் வேண்டாம், கேட்கத் தைரியம் இல்லை.

தம்பி


மே 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அனைவரும் சுகம்.

திட்டச் சொல்லியிருந்தாய். கழுதை. திட்டியாகிவிட்டது. மேலே படி.

நீ வகுப்பை விட்டது எனக்கு அப்போதே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் வகுப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. 'இந்த மாணவர் வருவதே இல்லை. எடுத்துச்சென்ற அகராதியைத் திருப்பித் தரவும்' என்று. அம்மா பார்ப்பதற்குள் எடுத்து, கார்புரேட்டர் ஜெட் வைக்கிற டப்பாவில் போட்டுவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். நீ சொல்லவில்லை. போனில் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. தரகர் பட்டியலை நீட்டினபோது, இவனை எழுத வைக்க ஒரு சாக்கு கிடைத்ததே என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு ஏன் நம்பி முப்பது வாங்கினாய் என்று கேட்பாய். கென்த்சுகிக்கு நீ சொன்னது சரிதான் என்று இங்கே ஒருவர் சொன்னார். பலகைக்கு நீ சொன்ன விளக்கமும் அவ்வளவு அழகாக இருந்தது. எடை மூன்று என்று கண் முன்னால் எழுதியிருந்தும் நான் சைபர் சேர்த்துப் படித்தேன். ஆகவே கழுதைப் பட்டத்தில் பாதி எனக்கு.

இப்போது நல்ல சேதி. ஊர்க்கோடியில் நூல் மில் இருக்கிறதே, அதன் மேற்பார்வையாளர் அம்மா கிளட்ச் கேபிள் மாற்ற வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து உன் அத்தான் கொட்டகைக்கும் கடைக்கும் நடுவில் பலகை வண்டியில் சர்ரென்று போய்வந்துகொண்டிருந்தார், வாயில் ஊசியோடு.

"என்னங்க அது?"

"தம்பி தேர்ந்தெடுத்துக் குடுத்ததுங்க."

"எங்க ஷெட்டு இந்தத் தெரு நீளம் இருக்கும். நூல் அறுந்துச்சுன்னா இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு ஓடணும். ஷிப்ட் முடிஞ்சா பொண்ணுங்களுக்குக் கால் விட்டுப் போயிடுது. ஒண்ணு குடுங்க, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

ஒன்று போயிற்று. மறுநாள் நான்கு. இந்த வாரம் பதினெட்டு. நான் உள்ளே போய்ப் பார்த்தேன், தம்பி. தரை கண்ணாடி மாதிரி. பெண்கள் ஒரு காலால் உதைத்துவிட்டு மிதந்து போகிறார்கள். ஒருத்தி என்னைத் தாண்டும்போது, "அக்கா, வழி!" என்று கத்திவிட்டுப் போனாள். அப்படிச் சிரித்து எனக்கு வெகுநாள் ஆகிறது.

ஆனாலும் பால்காரருக்கும் பாட்டு டீச்சருக்கும் நிஜ ஸ்கூட்டர் தர வேண்டும். அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வா. அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்துபோனது இன்னும் மனதில் ஓடுகிறது. அம்மாவிடம் சொல்வதற்கு நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். "வண்டி கழுவுறியா? நிஜமாவா?" என்றாள். பிறகு, "அப்ப ரெண்டு நாளா பின்வாசல் அவ்வளவு அழுக்காக் கிடக்கு, பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியே!" என்று வாளியைக் கையில் கொடுத்தாள். நான் கழுவி முடித்ததும் கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் கம்பெனியின் புதுப் பட்டியல் இதோடு இருக்கிறது. மேல்மாடி மொழிபெயர்ப்பாளரிடம் முதல் பத்து வரியையும் ஒவ்வொன்றாகக் காட்டிச் சரிபார்த்தேன். அவள் என்னோடு வகுப்பில் இருந்தவள். கிக்குபோடோவுக்கு நான் சொன்ன பொருளைக் கேட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பால்காரருக்கு நான்காம் வரி, டீச்சருக்கு இரண்டாம் வரி. இரண்டுக்கும் இஞ்சின் உண்டு. கண்ணால் பார்த்தேன், கையால் கழுவினேன்.

பதினோராம் வரி 'ஷினியாகா' என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். வயதானவர்களுக்கான நாற்காலி வண்டி. நான்கு சக்கரம், பேட்டரி, நடை வேகம். அங்கே சட்டப்படி அதில் போகிறவர் வண்டி ஓட்டுகிறவர் கணக்கில் வரமாட்டாராம். நடந்து போகிறவர் கணக்குதானாம்! அம்மாவிடம் கேட்டுப் பார். மாடிப்படி ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

இன்னொன்று. ஞாயிறு வகுப்பில் மறுபடி சேர்ந்திருக்கிறேன். வாத்தியார் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அகராதி எங்கே?" டிசம்பரில் வகுப்பிலேயே பரீட்சை.

உன்,
தம்பி


டிசம்பர் 18

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? நான் சுகம்.

பரீட்சை முடிவு இன்று காலை பத்து மணிக்கு ஒட்டினார்கள். நான் பெயில். எழுத்திலும் இலக்கணத்திலும் தேறிவிட்டேன். கேட்டுப் புரிந்துகொள்கிற பகுதியில் போய்விட்டது. ஒலிநாடாவில் ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசினாள். அவள் ரயிலைத் தவறவிட்டாளா, ரயிலில் குடையைத் தவறவிட்டாளா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இப்போது மணி பத்தே முக்கால். தபாலாபீஸ் வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இந்தத் தடவை ஒரு தாளையும் கிழிக்கவில்லை. நேராக எழுதிவிட்டேன். அடுத்தது ஜூலையில் வருகிறது. மறுபடி எழுதுவேன்.

தம்பி


டிசம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். அத்தான் இப்போது மில் ஆட்களின் வண்டிகளுக்குச் சீட்டு உறை கொடுக்கவே பலகை வண்டியில்தான் போகிறார், யார் சொன்னாலும் கேட்பதில்லை.

உன் கடிதம் இன்று காலை வந்தது. கிரீஸ் கையோடே பிரித்துப் படித்தேன். படித்து முடித்ததும் கடையில் இருந்த எல்லாருக்கும் டீ சொன்னேன். பால்காரர், தபால்காரர், பஞ்சர் ஒட்ட வந்திருந்த இரண்டு பேர், எல்லாருக்கும்தான். பாட்டு டீச்சர் தன் கென்த்சுகியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"என்ன விசேஷம்? தம்பி பாசாயிட்டாரா?"

"இல்லீங்க, பெயிலாயிட்டான்."

எல்லாரும் டீயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பெயிலானதுக்கு யாராவது டீ வாங்கித் தருவார்களா என்று பால்காரர் கேட்டேவிட்டார். "பத்து மணிக்குத் தெரிஞ்சுது, பத்தே முக்காலுக்கு எழுதிட்டான்" என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தான் மட்டும் எதுவும் கேட்காமல் இரண்டாவது டீ வாங்கிக் குடித்தார்.

ஜூலையில் என்ன வந்தாலும் அன்றைக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா